தோஸ்த் முகம்மது கான்: பங்காளிப் பகையில் எழுந்த அரசு

பஷ்தூ மொழியில் 'தர்பூர்' என்றொரு சொல் உண்டு. தந்தையின் உடன்பிறந்தாருக்கு மகன் என்பது அதன் நேர்ப்பொருள். பகைவன் என்பது வழக்கில் ஏறிய பொருள். பாட்டன் சொத்தில் சமபங்கு உடையவன் எவனோ அவனே சமமான போட்டியாளனும் ஆவான். 'பங்காளி', 'தாயாதி' ஆகிய சொற்களை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆப்கானிஸ்தானத்தை ஆண்ட அமீர் தோஸ்த் முகம்மது கானின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அந்தச் சொல்லே நினைவில் எழுகிறது.

1747இல் அகமது ஷா துரானி நிறுவிய அரசில் அரியணை சதோசாய் குலத்துக்கு உரியது. அமைச்சும் படைத்தலைமையும் பெரும்பாலும் பாரக்சாய் குலத்தாரிடம் இருந்தன. அந்தப் பாரக்சாய்த் தலைவர்களுள் ஒருவரான பாயிந்தா கான், அகமது ஷாவின் பேரன் ஸமான் ஷா அரியணை ஏறத் துணைநின்றவர். அதே ஸமான் ஷா 1799இல் அவரைக் கொல்வித்தார். பாயிந்தா கானுக்குப் பல மனைவியர். ஆண்மக்கள் மட்டும் இருபதுக்கு மேல். அவர்களுள் இளையவர்களில் ஒருவராக 1793இல் கந்தகாரில் பிறந்தவர் தோஸ்த் முகம்மது. அவருடைய தாய் பாரசீக வழிவந்த கிஸில்பாஷ் இனத்தவர். துரானிப் பெருங்குடிகளில் பிறந்த மனைவியரின் மக்களுக்கிடையே இவருடைய இடம் தாழ்ந்ததாகவே கருதப்பட்டது. ஆனால் காபூலின் படையில் கிஸில்பாஷ்கள் வலிமை மிக்கவர்கள். தாய்வழியால் வந்த தாழ்வே பின்னாளில் அவருக்குப் படைத்துணையாயிற்று.

தந்தையை இழந்த சிறுவனை வளர்த்து ஆளாக்கியவர் மூத்த சகோதரர் பதே கான். ஸமான் ஷாவை வீழ்த்தி, அவருடைய சகோதரர் மஹ்மூத் ஷாவை அரியணையில் அமர்த்தித் தாமே வசீராக விளங்கியவர் அவர். ஹெராத் நகரைக் கைப்பற்றியபோது இளைஞரான தோஸ்த் முகம்மது அந்தப்புரத்தில் நுழைந்து, அரச குலப் பெண்ணொருத்தியின் மணியிழைத்த இடைக்கச்சையைப் பறித்தார் என்று கூறப்படுகிறது. அவர் காஷ்மீருக்குத் தப்பிவிட்டார். தண்டனை அண்ணனைச் சென்று சேர்ந்தது. மஹ்மூதின் மகன் காம்ரான் 1818இல் பதே கானின் கண்களைக் குருடாக்கினான்; பின்னர் அவர் சித்திரவதை செய்து கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்குப் பழிவாங்கச் சகோதரர்கள் திரண்டெழுந்தனர். ஹெராத் தவிர்த்த நாடு முழுவதும் சதோசாய்களின் கையைவிட்டுப் போயிற்று.

பகை முடிந்ததும் பங்கீடு தொடங்கியது. கந்தகார் ஒரு தாய் மக்களுக்கும் பெஷாவர் இன்னொரு தாய் மக்களுக்கும் ஆயின. நெடிய பூசலுக்குப் பின் 1826இல் காபூல் தோஸ்த் முகம்மதுவின் வசமாயிற்று. ஆட்சிக்கு வந்தபின் அவர் மதுவை விட்டார். அதன் பிறகே எழுதப் படிக்கக் கற்றார். நியாயம் கிடைக்காதவர்கள், 'தோஸ்த் முகம்மது இறந்துவிட்டாரா என்ன?' என்று கேட்பது காபூலில் வழக்காகும் அளவுக்கு அவருடைய நீதி பேர் பெற்றது.

அவருடைய தீராத ஏக்கம் பெஷாவர். 1834இல் சீக்கியர் அதைக் கைப்பற்றினர். மறு ஆண்டு மீட்கப் புறப்பட்டபோது, அந்நகரை முன்பு ஆண்ட அவருடைய சகோதரர் சுல்தான் முகம்மது கானே ரஞ்சித் சிங்கின் பக்கம் சாய்ந்தார். 1837இல் காபூல் வந்த ஆங்கிலத் தூதர் அலெக்சாண்டர் பர்ன்ஸிடமும் அமீர் கேட்டது பெஷாவரைத்தான். ரஞ்சித் சிங்கின் நட்பை இழக்க ஆங்கிலேயர் விரும்பவில்லை. அமீர் ருஷ்யத் தூதரையும் வரவேற்றது அவர்களுடைய ஐயத்தை வளர்த்தது. நாடிழந்து லூதியானாவில் அவர்களுடைய உதவித்தொகையில் வாழ்ந்த சதோசாய் அரசர் ஷா ஷுஜாவை மீண்டும் அரியணையேற்ற 1839இல் படையெடுத்தனர். கஜினிக் கோட்டையின் வாயில்களுள் காபூல் வாயில் மட்டும் உட்புறம் அடைக்கப்படவில்லை என்னும் மறையை அவர்களுக்கு உரைத்தவர், தோஸ்த் முகம்மதுவின் சகோதரர் மகன் அப்துல் ரஷீத் கான்.

அமீர் புகாராவுக்கு ஓடினார். அங்கே அதன் அமீரிடம் சிறைப்பட்டார். தப்பிவந்து 1840 நவம்பர் 2ஆம் நாள் பர்வான் தர்ராவில் ஆங்கிலக் குதிரைப்படையைச் சிதறடித்தார். வெற்றி கண்ட அவர், அடுத்து யாரும் எதிர்பாராததைச் செய்தார். காபூலுக்குக் குதிரையேறிச் சென்று, மாலை உலாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஆங்கிலப் பிரதிநிதி மக்நாட்டனிடம் சரணடைந்தார். ஒரு வெற்றியால் பேரரசை வெல்ல முடியாது என்று கணித்தார் போலும். அவரை இந்தியாவுக்கு நாடு கடத்தினர். ஓராண்டில் காபூல் கிளர்ந்தது. அவருடைய மகன் அக்பர் கான் மக்நாட்டனைக் கொன்றார். 1842 ஜனவரியில் காபூலைவிட்டுப் புறப்பட்ட 4,500 படையினரும் ஏறத்தாழ 12,000 உடன்செல்வோரும் பனிக் கணவாய்களில் அழிந்தனர். பிடிபட்டோரும் சிதறித் தப்பிய சிலருமே எஞ்சினர். ஷா ஷுஜாவும் கொல்லப்பட்டபின், 1843இல் தோஸ்த் முகம்மது மீண்டும் காபூலில் அமர்ந்தார்.

இரண்டாவது ஆட்சியில் நாட்டை ஒன்றாக்குவதே அவருடைய வேலையாயிற்று. வடக்கே பால்க், 1855இல் கந்தகார். ஆங்கிலேயரோடு 1855இலும் 1857இலும் உடன்படிக்கைகள் செய்தார். சிப்பாய்க் கிளர்ச்சியின்போது பெஷாவரைத் தாக்கும்படி உடனிருந்தோர் தூண்டியும் சொல் தவறவில்லை. அந்த நாள்களில் பஞ்சாபின் ஜான் லாரன்ஸ், பெஷாவரை இவரிடமே ஒப்படைத்துவிட்டுப் படையை விடுவிக்கலாமா என்று எண்ணியிருந்தார். கவர்னர் ஜெனரல் கானிங் அதற்கு இசையவில்லை. வாழ்நாள் முழுதும் விரும்பிய நகர் அத்தனை அருகில் வந்து விலகிப்போயிற்று. இறுதியாக ஹெராத், அதன் தலைவர் சுல்தான் அகமது கான் அமீரின் சகோதரர் மகன், மருமகனும்கூட. முற்றுகையின்போதே அவர் இறந்தார். 1863 மே மாதம் நகர் வீழ்ந்தது. இரண்டு வாரங்களில், ஜூன் 9ஆம் நாள், தோஸ்த் முகம்மதுவும் அங்கேயே மறைந்தார்.

கிஸில்பாஷ் தாயின் மகன் என்று இளமையில் பின்தள்ளப்பட்டவர், தம் மக்களுக்குள் வாரிசைத் தேர்ந்தபோது தாயின் குலத்தையே அளவுகோலாகக் கொண்டார். மூத்தவர்களான அப்சல் கானையும் ஆசம் கானையும் தவிர்த்து, உயர்குடித் தாயின் மக்களான அக்பர், குலாம் ஹைதர், ஷேர் அலி ஆகியோரையே வரிசையாக முன்னிறுத்தினார். முதலிருவரும் தந்தைக்கு முன்பே இறக்க, ஷேர் அலி அமீரானார். அடுத்த ஆண்டே போர் மூண்டது. 1865இல் கஜ்பாஸ் போர்க்களத்தில் ஷேர் அலியின் மூத்த மகனும், எதிரணியில் நின்ற அவருடைய உடன்பிறந்த தம்பியும் மாண்டனர். அப்சல் கான் 1866இலும் அவருக்குப் பின் ஆசம் கானும் ஆண்டனர். 1868இல் ஷேர் அலி மீண்டார். 1880இல் அப்சல் கானின் மகன் அப்துர் ரஹ்மான் அமீரானபோது, அவரை எதிர்த்து நின்றவர் ஷேர் அலியின் மகன் அயூப் கான். அதாவது, அவருடைய தர்பூர்.

தோஸ்த் முகம்மதுவின் நேர்வழி 1929 வரை ஆண்டது. அவ்வாண்டு அமானுல்லா அரியணை இழந்த குழப்பத்தின் முடிவில் அரசரான நாதிர் ஷா, பெஷாவரைப் பறிகொடுத்த அந்தச் சுல்தான் முகம்மது கானின் கொள்ளுப்பேரன். நாதிரின் மகன் ஸாஹிர் ஷாவை 1973இல் அகற்றியவர் அவருடைய பெரியப்பன் மகன் தாவூத் கான். 1978 ஏப்ரலில் தாவூத் குடும்பத்தோடு கொல்லப்பட, பாயிந்தா கான் மக்களின் ஆட்சி முடிவுற்றது.

அந்நியர் எவராலும் நிலையாக வெல்ல முடியாத நாடு என்று ஆப்கானிஸ்தானத்தைப் புகழ்வது வழக்கம். கஜினியின் அடைக்கப்படாத வாயிலையும் இங்கே நினைக்க வேண்டும். அந்த வாயிலைக் காட்டிக்கொடுத்தது அந்நியன் அல்லன். சிதறிய நாட்டைத் தோஸ்த் முகம்மது தம் ஆயுட்காலத்தில் ஒன்றாக்கினார். தம் வீட்டை ஒன்றாக்க அவரால் இயலவில்லை. அதன் விலையை மூன்று தலைமுறைகள் கொடுத்தன.