கொறடாவின் அதிகாரம் எங்கே இருந்தது? ஜாக்சன் ம்தெம்புவும் தென்னாப்பிரிக்க நாடாளுமன்றமும், 2016–2019

ஜாக்சன் ம்தெம்பு 2021 ஜனவரியில் கொரோனாவுக்குப் பலியானபோது, அதிபர் ஜேக்கப் ஜூமாவின் காலத்திலேயே துணிந்து பேசியவர் என்று அஞ்சலிகள் பல அவரைப் போற்றின. அது உண்மைதான். ஆனால் அப்போதைய ஆளுங்கட்சியான ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் தலைமைக் கொறடாவாக அவர் அவைக்குள் செய்ததை அந்தப் புகழ் மூடிவிடுகிறது. 2018 பிப்ரவரி வரை, ஜூமாவுக்கு எதிரான தீர்மானம் வந்தபோதெல்லாம் அதைத் தோற்கடிக்கும் அணிக்கே அவர் கொறடா.

இதை இரட்டை வேடம் என்று தள்ளிவிட முடியாது. அக்காலத்தில் தேசிய அவையின் 400 இடங்களும் கட்சிப் பட்டியல்களிலிருந்தே நிரப்பப்பட்டன. தனக்கென்று தொகுதியுள்ள உறுப்பினர் எவரும் இருக்கவில்லை. கட்சி உறுப்புரிமை போனால் இருக்கையும் போய்விடும் என்கிறது அரசமைப்பின் 47ஆம் பிரிவு. ஆக, கொறடாவின் மிரட்டலுக்குப் பின்னால் இருக்கும் பலம் அவருடையதன்று. அது ஜோகன்னஸ்பர்க்கில், கட்சித் தலைமையகமான லுதுலி ஹவுசில் இருக்கிறது.

ம்தெம்பு பொறுப்பேற்றது 2016 மார்ச்சில், ஸ்டோன் சிசானி விலகியதை அடுத்து. அம்மாதம் 31ஆம் நாள், ஜூமாவின் ன்கன்ட்லா இல்லத்துக்குப் பொதுப்பணம் செலவிடப்பட்ட விவகாரத்தில் அதிபரும் தேசிய அவையும் அரசமைப்புக் கடமையில் தவறினர் என்று அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏப்ரல் 5 அன்று வந்த பதவிநீக்கத் தீர்மானம் 143க்கு 233 என்ற கணக்கில் தோற்றது. அதே ஆண்டு அக்டோபரில், தான் உட்படக் கட்சியின் தேசியச் செயற்குழு முழுவதுமே விலக வேண்டும் என்று ம்தெம்பு வெளிப்படையாகக் கூறினார். நவம்பரில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. அதையும் ஆளுங்கட்சி வீழ்த்தியது. கட்சியைக் கட்சிக்குள்தான் திருத்த வேண்டும், அவையில் எதிர்க்கட்சியின் கையைக் கொண்டு அல்ல என்பது அவர் தலைமுறைப் போராளிகளின் உறுதியான நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு நாடு கொடுத்த விலை அதிகம் என்பது என் கருத்து.

2017 ஆகஸ்ட் 8 அன்று ஜூமா மீதான இன்னொரு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின் வாக்கெடுப்பு இரகசியமாக நடந்தது: ஆதரவு 177, எதிர்ப்பு 198, விலகியோர் 9. எதிர்க்கட்சியினர் மொத்தமே 151 பேர். அத்தனை பேரும் ஆதரித்திருந்தாலும், ஆளுங்கட்சியிலிருந்து குறைந்தது 26 பேர் மீறியிருக்க வேண்டும். ஜூமாவை வெளிப்படையாக எதிர்த்துப் பேசிய ஆளுங்கட்சி உறுப்பினர் மகோசி கோசா மீது ஒழுங்கு நடவடிக்கை பாய்ந்தது. சில வாரங்களில் அவரே கட்சியை விட்டு வெளியேறினார்.

பிறகு 2018 பிப்ரவரி. முந்தைய டிசம்பரில் சிரில் ராமபோசா கட்சித் தலைவராகியிருந்தார். ஜூமாவை அதிபர் பதவியிலிருந்து திரும்ப அழைக்கச் செயற்குழு முடிவெடுத்துவிட்டது. அதன் பின்னரே, நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை 15ஆம் தேதியே எடுத்துக்கொள்வோம் என்று ம்தெம்பு அறிவித்தார். 14ஆம் தேதி இரவு ஜூமா விலகினார். இதை நாடாளுமன்றத்தின் மீட்சி என்பாருண்டு. வாக்கெடுப்பே நடக்கவில்லை என்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

ம்தெம்புவின் பங்களிப்பைத் தேட வேண்டிய இடம் வாக்குப்பெட்டி அல்ல, குழு அறை. ஜூமாவுக்கு நெருக்கமான தொழிலதிபர்களான குப்தா குடும்பத்தின் மின்னஞ்சல்கள் கசிந்தபின், 2017 ஜூனில், அரசைக் கைப்பற்றிய குற்றச்சாட்டுகளை ஆராயுமாறு நான்கு நாடாளுமன்றக் குழுக்கள் பணிக்கப்பட்டன. அதற்கான கடிதத்தை எழுதியவர் அவைக்குழுக்களுக்குப் பொறுப்பான செட்ரிக் ஃப்ரோலிக். ஆளுங்கட்சிக் கொறடா இசையாமல் அது நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. எந்த விவகாரம் எந்தக் குழுவுக்கு, எப்போது போகும் என்பதில் கொறடாவுக்குச் சொல் உண்டு. அந்தச் சொல்லுக்கு லுதுலி ஹவுசின் முத்திரை ஒவ்வொரு முறையும் தேவைப்படுவதில்லை. நான்கு குழுக்களும் ஒரே வேகத்தில் நகரவில்லை என்பது வேறு. பொதுத்துறை நிறுவனங்கள் குழுதான், சுகிஸ்வா ரன்தோ தலைமையில், எஸ்காம் மின்நிறுவனத்தின் அதிகாரிகளைத் தொலைக்காட்சிக்கு முன் அமர்த்திக் குறுக்கு விசாரணை செய்தது. அரசைக் கைப்பற்றல் குறித்து விசாரித்த சோண்டோ ஆணையம் சாட்சியம் கேட்கத் தொடங்குமுன்னரே அந்த விசாரணை எஸ்காமின் உள்விவகாரங்களை நாட்டின் முன் வைத்துவிட்டது.

2019 தேர்தலுக்குப் பின் ம்தெம்பு அதிபர் அலுவலக அமைச்சரானார். அத்தேர்தலுக்கான கட்சிப் பட்டியலில் ரன்தோவுக்குக் கிடைத்த இடம் அவரை அவைக்குத் திரும்பக் கொண்டுவரப் போதவில்லை.