உயர்திறன் தானுந்துக்கான தன்னியக்கக் கியர்ப்பெட்டித் தெரிவு

உயர்திறன் தானுந்துக்கான தன்னியக்கக் கியர்ப்பெட்டித் தெரிவு என்பது, ஆற்றல் கூட்டப்பட்ட எஞ்சினுடன் பொதுச் சாலையில் ஓட்டுவதற்காக மாற்றியமைக்கப்படும் தானுந்து ஒன்றுக்குப் பொருத்தமான தன்னியக்கக் கியர்ப்பெட்டியைத் தீர்மானிப்பதைக் குறிக்கும். பழைய பின்சக்கர இயக்கத் தானுந்துகளை இவ்வாறு மாற்றியமைப்பது ஐக்கிய அமெரிக்காவில் பரவலான பொழுதுபோக்கு ஆகும். அங்கு மிகுதியாகப் பயன்படும் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கியர்ப்பெட்டிகளே இக்கட்டுரையில் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றன.

மிக வலுவான பெட்டியோ கூடுதலான கியர்களைக் கொண்ட பெட்டியோ எப்போதும் சிறந்த தெரிவாக அமைவதில்லை. எஞ்சினின் முறுக்குவிசை, வண்டியின் எடை, பின் அச்சு விகிதம், டார்க் கன்வெர்ட்டர், எண்ணெய்க் குளிர்விப்பு ஆகியவை ஒன்றையொன்று சார்ந்தவை. இவற்றுள் ஒன்றை மட்டும் தனியே கருதித் தெரிவு செய்யும்போதே பெரும்பாலான பழுதுகள் நேர்கின்றன.

வரலாறு

பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்ட முதலாவது முழுத் தன்னியக்கக் கியர்ப்பெட்டியான ஐட்ரமேட்டிக், 1940ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபைல் தானுந்துகளில் வெளிவந்தது. 1950இல் செவ்ரோலெட் தானுந்துகளில் இரண்டு கியர்கள் மட்டுமே கொண்ட பவர்கிளைட் அறிமுகமானது. மூன்று கியர்கள் கொண்ட டர்போ ஐட்ரமேட்டிக் 400 1964ஆம் ஆண்டு மாதிரிகளிலும், அதனிலும் சிறிய டர்போ ஐட்ரமேட்டிக் 350 1969ஆம் ஆண்டு மாதிரிகளிலும் வந்தன. முன்னது அதன் உறுதியினால் ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோ, ஃபெராரி 400 போன்ற பிற நிறுவனத் தானுந்துகளிலும் இடம்பெற்றது.

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் எரிபொருள் சிக்கனம் முதன்மை பெற்றது. அதன் விளைவாக ஓவர்டிரைவ் எனப்படும் நான்காவது கியரைக் கொண்ட 700ஆர்4 1982ஆம் ஆண்டு மாதிரிகளில் வெளிவந்தது. இது 1990இல் 4எல்60 எனப் பெயர் மாற்றம் பெற்றது. டர்போ 400இன் வழிவந்ததும் மின்னணுக் கட்டுப்பாடு உடையதுமான 4எல்80-இ 1991இல் வந்தது. இப்பெயரில் 4 என்பது கியர்களின் எண்ணிக்கையையும், எல் என்பது நெடுக்குவாட்டில் பொருத்தப்படுவதையும், 80 என்பது ஒப்பீட்டு வலிமையையும், இ என்பது மின்னணுக் கட்டுப்பாட்டையும் சுட்டும்.

கியர் விகிதங்கள்

* டர்போ 350: 2.52, 1.52, 1.00
* டர்போ 400: 2.48, 1.48, 1.00
* 700ஆர்4: 3.06, 1.63, 1.00, 0.70
* 4எல்80-இ: 2.48, 1.48, 1.00, 0.75

முதற் கியர் விகிதத்தைப் பின் அச்சு விகிதத்தால் பெருக்கக் கிடைப்பதே புறப்படும்போது சக்கரத்தைச் சென்றடையும் மொத்தப் பெருக்கம் ஆகும். 3.73 அச்சுடன் டர்போ 350 தருவது 9.40. 3.08 அச்சுடன் 700ஆர்4 தருவது 9.42. இரண்டும் ஏறத்தாழச் சமமே. ஆனால் 26 அங்குல விட்டமுள்ள டயருடன் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, முதலாவதில் எஞ்சின் நிமிடத்திற்குச் சுமார் 3,000 சுற்றுகளும், இரண்டாவதில் சுமார் 1,730 சுற்றுகளும் சுழலும். நெடுஞ்சாலைப் பயணத்தில் ஒலி, தேய்மானம், எரிபொருட் செலவு ஆகியவற்றை இவ்வேறுபாடே தீர்மானிக்கிறது.

எனினும் 700ஆர்4இன் முதல் இரு கியர்களுக்கிடையே இடைவெளி அதிகம். 6,000 சுற்றுகளில் கியர் மாறினால் எஞ்சின் சுமார் 3,200 சுற்றுகளுக்கு இறங்கிவிடும். டர்போ 400இல் இது சுமார் 3,600 ஆகும். உயர் சுற்றுகளில் மட்டுமே ஆற்றல் தரும் எஞ்சினுக்கு முன்னது பொருந்தாது.

டார்க் கன்வெர்ட்டர்

எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையே எண்ணெயின் வழியாக விசையைக் கடத்தும் உறுப்பு டார்க் கன்வெர்ட்டர் ஆகும். வண்டி நகராதிருக்க, முழு விசையில் எஞ்சின் எட்டக்கூடிய சுற்றுவேகம் ஸ்டால் வேகம் எனப்படும். ஆற்றல் கூட்டப்பட்ட எஞ்சின்கள் தாழ்ந்த சுற்றுகளில் வலுவிழந்திருப்பதால், உயர்ந்த ஸ்டால் வேகம் புறப்பாட்டுக்கு உதவும்.

ஆனால் பயணத்தின்போது எஞ்சின் 1,730 சுற்றுகளில் ஓட, கன்வெர்ட்டரின் ஸ்டால் வேகம் 3,000 ஆக இருந்தால், அது இடைவிடாது வழுக்கி எண்ணெயைச் சூடாக்கும். ஆகவே ஓவர்டிரைவும் உயர்ந்த ஸ்டால் வேகமும் சேரும் இடத்தில், கன்வெர்ட்டரை நேரடியாக இணைக்கும் பூட்டுக் கிளட்ச் இன்றியமையாதது. 700ஆர்4, 4எல்80-இ ஆகியவற்றில் இது உண்டு. டர்போ 400இல் இல்லை.

வெப்பமும் அழுத்தமும்

தன்னியக்கக் கியர்ப்பெட்டியின் முதன்மையான பகை வெப்பமே. அதிகம் சூடான எண்ணெய் தன் பண்பை இழக்கிறது. அடைப்பு வளையங்கள் கடினமாகின்றன. கிளட்ச் தட்டுகள் வழுக்கி எரிகின்றன. பொங்கி வெளியேறும் எண்ணெய் சூடான புகைபோக்கிக் குழாயில் பட்டால் தீப்பற்றவும் கூடும். எனவே தனியான எண்ணெய்க் குளிர்விப்பானும் வெப்பமானியும் பொருத்துவது நல்லது.

700ஆர்4இல் விசைமிதியின் நிலைக்கேற்ப எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டுவது ஒரு கம்பிவடம் ஆகும். கார்புரேட்டரை மாற்றியபின் இவ்வடத்தைச் சரியாக அமைக்காவிடில், அழுத்தம் குறைந்து புதிய கியர்ப்பெட்டியும் குறுகிய தொலைவிலேயே எரிந்துவிடும். தொடக்க கால 700ஆர்4களில் இருந்த குறைகள் 1980களின் பிற்பகுதிக்குள் திருத்தப்பட்டதால், பிந்தைய ஆண்டுப் பெட்டிகளே விரும்பப்படுகின்றன.

தெரிவு

* மிதமான ஆற்றலும் குறைந்த எடையும் கொண்டு, குறுந்தொலைவு ஓடும் வண்டிக்கு டர்போ 350 எளிமையானது, விலையும் குறைவு.
* மிகுந்த முறுக்குவிசையும் எடையும் கொண்டு, நெடுஞ்சாலையில் அரிதாகவே ஓடும் வண்டிக்கு டர்போ 400 ஏற்றது. ஆயினும் அதன் கனமான சுழல் உறுப்புகள் எஞ்சின் ஆற்றலில் கூடுதலான பங்கை உட்கொள்கின்றன.
* மிதமான ஆற்றலுடன் நெடுந்தொலைவு ஓடும் வண்டிக்கு 700ஆர்4 பொருந்தும்.
* வலிமையும் ஓவர்டிரைவும் ஒருங்கே தேவைப்படின் 4எல்80-இ தகும். கார்புரேட்டர் எஞ்சினுடன் இதற்குத் தனி மின்னணுக் கட்டுப்பாட்டகம் வேண்டும். உருவில் பெரியதாதலால் சில வண்டிகளில் தளத்தை வெட்டி அமைக்கவும் நேரும்.

எப்பெட்டியாயினும், உந்துத்தண்டின் நீளம் சரிபார்க்கப்படல் வேண்டும். நிறுத்த நிலையிலும் நடுநிலையிலும் மட்டுமே எஞ்சினைத் தொடங்கவிடும் பாதுகாப்பு ஆளியும் மீண்டும் இணைக்கப்படல் வேண்டும். இல்லையேல் கியரில் இருக்கும்போதே எஞ்சின் தொடங்கி, வண்டி பாய்ந்துவிடும்.