அவுட்லுக்கில் செய்திக்குழுப் பொத்தான்

அவுட்லுக்கில் செய்திக்குழுப் பொத்தான் என்பது, மைக்ரோசாஃப்ட் அவுட்லுக் மின்னஞ்சல் மென்பொருளின் கருவிப்பட்டையில் பயனர் தாமே சேர்த்துக்கொள்ளக்கூடியதாக இருந்த "நியூஸ்" என்னும் கட்டளையைக் குறிக்கும். இதனைச் சொடுக்கினால் யூஸ்நெட் செய்திக்குழுக்களை வாசிப்பதற்கான சாளரம் திறக்கும். அவுட்லுக் 2000, 2002 பதிப்புகளில் இக்கட்டளை "வியூ" பட்டியலில் "கோ டு" என்பதன் கீழ் வெளிப்படையாக இருந்தது. 2003, 2007 பதிப்புகளில் அது பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. ஆனால் மென்பொருளிலிருந்து நீக்கப்படவில்லை. எனவே மறைந்திருந்த கட்டளையைத் தேடி வெளியே வைப்பது பயனரின் வேலையாயிற்று.

உண்மையில் அவுட்லுக் மென்பொருளுக்குச் செய்திக்குழுக்களை வாசிக்கும் திறன் எப்பதிப்பிலும் இருந்ததில்லை. இப்பொத்தான் வேறொரு மென்பொருளை, பெரும்பாலும் அவுட்லுக் எக்ஸ்பிரஸை, அழைத்துத் திறக்கும் கதவு மட்டுமே. பெயர் ஒற்றுமையால் இரண்டையும் ஒன்றாகக் கருதிக் குழம்பியோர் பலர்.

செய்திக்குழுக்கள்

யூஸ்நெட், 1979ஆம் ஆண்டு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் ஆகியோரால் திட்டமிடப்பட்டு 1980இல் இயங்கத் தொடங்கிய உரையாடல் வலையமைப்பு ஆகும். மடலாடற்குழுவில் ஒருவர் எழுதும் மடல் ஒவ்வோர் உறுப்பினரின் அஞ்சல் பெட்டிக்கும் வந்து சேரும். செய்திக்குழுவில் அவ்வாறில்லை. மடல் வழங்கியிலேயே இருக்கும்; வேண்டியவர் சென்று எடுத்துப் படிக்க வேண்டும். வழங்கிகள் தமக்குள் மடல்களைப் பரிமாறிக்கொள்வதால், ஓரிடத்தில் எழுதியது உலகெங்கும் உள்ள வழங்கிகளுக்குப் பரவும்.

இதற்கான நெறிமுறை என்.என்.டி.பி. ஆகும். இது 1986இல் ஆர்.எஃப்.சி. 977 என்னும் ஆவணமாக வெளியிடப்பட்டது. 119ஆம் எண் வாயிலைப் பயன்படுத்துவது. மின்னஞ்சல் வேறு நெறிமுறைகளில் இயங்குவதால், அஞ்சல் மென்பொருள் ஒன்று செய்திக்குழுவையும் காட்ட வேண்டுமெனில் இந்த நெறிமுறையையும் தனியே அறிந்திருக்க வேண்டும். அவுட்லுக் அறியாதது இதுவே.

தமிழ் உரையாடல்களும் தேனி மாவட்டமும்

யூஸ்நெட்டில் தமிழருக்கெனச் "சாக்.கல்ச்சர்.தமிழ்" என்னும் குழு 1990களில் இயங்கியது. மொழி, அரசியல், ஈழம், சாதி, திரைப்படம் என எல்லாம் அங்கே பேசப்பட்டன, சண்டைகளுக்கும் குறைவில்லை. தமிழ்ச் சொற்கள் பெரும்பாலும் உரோமன் எழுத்துகளில் எழுதப்பட்டன. ளகரம், ணகரம், றகரம் ஆகியவற்றைப் பெரிய எழுத்தாலும், மற்றவற்றைச் சிறிய எழுத்தாலும் வேறுபடுத்தும் வழக்கம் இக்காலத்தில்தான் பரவலாயிற்று. கருநாடக இசைக்கும் இந்தியத் திரையிசைக்கும் "ரெக்.மியூசிக்.இந்தியன்" என்னும் பெயரின் கீழ்த் தனிக் குழுக்கள் இருந்தன.

இக்குழுக்களில் திரையிசை பேசப்பட்டபோது கம்பம் பள்ளத்தாக்கின் மனிதர்கள் அடிக்கடி வந்துபோயினர். இளையராஜா பண்ணைப்புரத்தில் பிறந்தவர். பாரதிராஜா அல்லிநகரத்தைச் சேர்ந்தவர். வைரமுத்து வடுகபட்டியில் வளர்ந்தவர். மூன்றும் இன்றைய தேனி மாவட்டத்து ஊர்கள். ஆனால் எழுதியவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கா, ஐரோப்பா, சிங்கப்பூர் போன்ற இடங்களில் பல்கலைக்கழகக் கணினிகளின் முன்னும் நிறுவனக் கணினிகளின் முன்னும் இருந்தவர்கள். அவர்களுக்கு இணைப்பு நேரம் ஒரு பொருட்டன்று.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. சென்னை அதன் தொடக்க நகரங்களுள் ஒன்று. மாவட்டத்து ஊர்களின் நிலை வேறு. இணைப்பு தொலைபேசிக் கம்பி வழியே மோடம் கொண்டு பெறப்பட்டது. இணைய நிறுவனத்தின் முனையம் தம் ஊரில் இல்லாதவர் வெளியூர் முனையத்துடன் எஸ்.டி.டி. அழைப்பாகவே இணைய வேண்டியிருந்தது. 172 எனத் தொடங்கும் எண்கள் வந்தபின் உள்ளூர் அழைப்புக் கட்டணத்தில் இணைய முடிந்தது. அப்போதும் கணக்கு இரண்டு: இணைய நேரத்திற்கு ஒன்று, தொலைபேசி அலகுகளுக்கு மற்றொன்று.

செய்திக்குழு வாசிப்பு இவ்வகை இணைப்புக்கு மிகவும் ஏற்றது. இணைந்து, தலைப்புகளை இறக்கி, துண்டித்துவிட்டு, எதைப் படிப்பது என நிதானமாகத் தெரிவு செய்யலாம். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் இயல்பாக ஒரு முறைக்கு 300 தலைப்புகளை எடுக்கும். ஒரு தலைப்பு வரி ஏறக்குறைய 300 பைட்டு எனக் கொண்டால் மொத்தம் 90 கிலோபைட்டு. நொடிக்கு 4 கிலோபைட்டு தரும் இணைப்பில் இதற்கு அரை நிமிடமும் ஆகாது. இணைந்தபின் பட்டியல்களுக்குள் தேடிக்கொண்டிருந்தால் அதைவிட அதிக நேரம் வீணாகும். கருவிப்பட்டையில் பொத்தான் வைப்பது வெறும் வசதி அன்று, சிக்கனம் என்பதற்குக் காரணம் இதுவே.

பொத்தானைச் சேர்த்தல்

அவுட்லுக் 2003இல் "வியூ" பட்டியலில் "டூல்பார்ஸ்" என்பதைத் தெரிந்து, அதன் இறுதியில் உள்ள "கஸ்டமைஸ்" என்பதைச் சொடுக்க வேண்டும். தோன்றும் சாளரத்தில் "கமாண்ட்ஸ்" என்னும் பக்கத்திற்குச் சென்றால் இடப்புறம் வகைகளும் வலப்புறம் கட்டளைகளும் காணப்படும். வகைகளில் "கோ" என்பதைத் தெரிந்தால், கட்டளைகளுக்கிடையே "நியூஸ்" இருக்கும். அதனைச் சுட்டியால் பிடித்து இழுத்துக் கருவிப்பட்டையில் வேண்டிய இடத்தில் விட வேண்டும். மேலுள்ள "கோ" பட்டியலுக்குள்ளும் விடலாம். அவுட்லுக் 2007க்கும் இம்முறை பொருந்தும்.

பொத்தானை நீக்க, இதே சாளரம் திறந்திருக்கும்போது அதைக் கருவிப்பட்டைக்கு வெளியே இழுத்து விட்டால் போதும். சாளரம் மூடியிருக்கும்போது இழுத்தால் ஒன்றும் நிகழாது. புதியவர்கள் பெரும்பாலும் இவ்விடத்தில்தான் தடுமாறுவர்.

சேர்த்த பொத்தான் எந்த மென்பொருளைத் திறக்கும் என்பதை அவுட்லுக் தீர்மானிப்பதில்லை. இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் "இன்டர்நெட் ஆப்ஷன்ஸ்" சாளரத்தில் "புரோகிராம்ஸ்" பக்கத்தில், செய்திக்குழுக்களுக்கென எம்மென்பொருள் குறிக்கப்பட்டுள்ளதோ அதுவே திறக்கும்.

ஒரே ஒரு குழுவை மட்டும் தொடர்ந்து படிப்பவருக்கு இன்னொரு வழி மேலானது. "கஸ்டமைஸ்" சாளரம் திறந்திருக்கும்போது ஏதேனும் ஒரு பொத்தானைக் கருவிப்பட்டையில் சேர்த்து, அதன்மீது வலப்பொத்தானைச் சொடுக்கி, "அசைன் ஹைப்பர்லிங்க்" என்பதில் "ஓப்பன்" என்பதைத் தெரிய வேண்டும். முகவரி கேட்கும் இடத்தில் "நியூஸ்" என்னும் சொல், முக்காற்புள்ளி, குழுவின் பெயர் ஆகியவற்றை இடைவெளியின்றி ஆங்கிலத்தில் இட்டால், பொத்தான் நேரே அக்குழுவுக்கு இட்டுச்செல்லும். பொத்தானின் பெயரைத் தமிழிலும் மாற்றிக்கொள்ளலாம்.

அவுட்லுக்கைத் திறக்காமலே வாசிக்க விரும்புவோர், அவுட்லுக் எக்ஸ்பிரஸின் இயக்கக் கோப்பான எம்.எஸ்.ஐ.எம்.என். என்பதற்குக் குறுக்குவழி ஒன்றை அமைத்து, கட்டளை வரியின் இறுதியில் சாய்கோட்டுடன் "நியூஸ்ஒன்லி" எனச் சேர்ப்பர். அஞ்சற்பகுதி மறைந்து செய்திக்குழுக்கள் மட்டும் தோன்றும்.

அவுட்லுக் எக்ஸ்பிரஸ் கருவிப்பட்டை

பொத்தானைச் சொடுக்கியபின் வேலை நடப்பது அவுட்லுக் எக்ஸ்பிரஸில் என்பதால் அதன் கருவிப்பட்டையையும் ஒழுங்கு செய்வது நன்று. அஞ்சல் கோப்புறையில் இருக்கும்போது ஒரு கருவிப்பட்டையும், செய்திக்குழுவில் இருக்கும்போது வேறொரு கருவிப்பட்டையும் தோன்றும். ஆகவே முதலில் செய்திக்குழு ஒன்றைத் தெரிந்துகொண்டு, பின்னர் கருவிப்பட்டையின்மீது வலச்சொடுக்குச் செய்து "கஸ்டமைஸ்" என்பதற்குச் செல்ல வேண்டும். தோன்றும் சாளரத்தில் இடப்பட்டியலில் கிடைக்கக்கூடிய பொத்தான்களும் வலப்பட்டியலில் இப்போது உள்ள பொத்தான்களும் இருக்கும். இங்கே இழுத்து விடுவதற்கு மாறாகச் சேர்க்க, நீக்க, மேலே நகர்த்த, கீழே நகர்த்தத் தனித்தனிப் பொத்தான்கள் உண்டு.

தொலைபேசி இணைப்பில் உள்ளவருக்கு இணைப்பின்றிப் பணிபுரியும் பொத்தானும், அனைத்தையும் ஒத்திசைக்கும் பொத்தானும் பயன் மிக்கவை. படிக்க விரும்பும் மடல்களைப் பின்னர் இறக்குவதற்கெனக் குறித்து வைத்து, அடுத்த முறை இணையும்போது ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் பெறலாம். மடல் அனுப்பிப் பெற்றபின் இணைப்பைத் தானே துண்டிக்கும் தெரிவும் "ஆப்ஷன்ஸ்" சாளரத்தின் "கனெக்ஷன்" பக்கத்தில் உள்ளது.

எழுத்துக் குறிமுறை

தமிழ் வாசகர் தவறாமல் சேர்க்க வேண்டியிருந்த பொத்தான் "என்கோடிங்" ஆகும். டிஸ்கி என்னும் தமிழ்க் குறிமுறையில் ஆங்கில எழுத்துகள் தம் இடத்திலேயே இருக்க, தமிழ் எழுத்துகள் மேற்பகுதியின் 128 இடங்களில் வைக்கப்பட்டன. ஆர்.எஃப்.சி. 977 நெறிமுறையோ 7 பிட்டு எழுத்துகளையே கருத்தில் கொண்டது. பல வழங்கிகள் 8 பிட்டுகளையும் சிதைக்காமல் கடத்தின. எனினும் மடலின் தலைப்பகுதியில் குறிமுறை அறிவிக்கப்படாததால், பெறும் கணினி அதை மேற்கு ஐரோப்பிய எழுத்துகளாகக் காட்டியது.

இதற்குத் தீர்வாக, "ஆப்ஷன்ஸ்" சாளரத்தில் எழுத்துருப் பகுதிக்குச் சென்று "யூசர் டிஃபைன்ட்" என்னும் வகைக்கு இணைமதி போன்ற டிஸ்கி எழுத்துரு ஒன்றை அமைத்து, மடலைத் திறந்ததும் குறிமுறையை அவ்வகைக்கு மாற்றுவர். மடலுக்கு மடல் இதைச் செய்ய வேண்டியிருந்ததால், பட்டியல்களுக்குள் மூன்று படி இறங்குவதைவிடக் கருவிப்பட்டையில் ஒரு பொத்தான் எவ்வளவோ மேல்.

ஒருங்குறி பரவியபின் இத்தொல்லை குறைந்தது. விண்டோஸ் 2000 முதல் லதா எழுத்துரு இயங்குதளத்துடனேயே வந்தது. விண்டோஸ் 98 வைத்திருந்தோருக்கு அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர்தம்பி உருவாக்கிய தேனீ ஒருங்குறி எழுத்துரு கைகொடுத்தது. இப்பெயர் பூச்சியைக் குறிப்பது. தேனி நகருடன் இதற்குத் தொடர்பில்லை. 2006இல் வெளியான ஆர்.எஃப்.சி. 3977, செய்திக்குழு நெறிமுறைக்கு யு.டி.எஃப்-8 குறிமுறையை இயல்பானதாக்கியது. ஆனால் அதற்குள் தமிழ் உரையாடல்கள் மடலாடற்குழுக்களுக்கும் வலைப்பதிவுகளுக்கும் இடம்பெயர்ந்துவிட்டன. தமிழ் எழுத்து சிக்கலின்றித் தெரியத் தொடங்கியபோது அங்கே தமிழில் எழுத ஆட்கள் குறைந்திருந்தனர்.

பிந்தைய நிலை

2007இல் வெளிவந்த விண்டோஸ் விஸ்டாவில் அவுட்லுக் எக்ஸ்பிரஸின் இடத்தை விண்டோஸ் மெயில் பெற்றது. அதுவும் செய்திக்குழுக்களை வாசிக்கும். விண்டோஸ் 7இல் அதுவும் இல்லை. பொறியியல் மாணவர்கள் நிரலாக்க ஐயங்களுக்கு நாடிய மைக்ரோசாஃப்டின் பொதுச் செய்திக்குழுக்கள் 2010இல் மூடப்படலாயின. அவுட்லுக் 2010இல் முதன்மைச் சாளரத்தின் பழைய கருவிப்பட்டைகளுக்கு மாறாக ரிப்பன் இடைமுகம் வந்தது.

டெஜா.காம் நிறுவனத்தின் யூஸ்நெட் காப்பகத்தை 2001இல் வாங்கிய கூகுள், தன் கூகுள் குழுக்கள் சேவை வழியே அதை வாசிக்கவும் அதில் எழுதவும் வழி செய்திருந்தது. 2024 பெப்ரவரி 22 முதல் யூஸ்நெட்டில் புதிதாக எழுதுவதும், புதிய மடல்களைக் காண்பதும் அச்சேவையில் நிறுத்தப்பட்டன. அதற்கு முந்தைய மடல்களைத் தேடிப் படிக்கலாம்.

2004 டிசம்பரில் தன் முதற்பதிப்பைக் கண்ட தண்டர்பேர்ட் மென்பொருள் செய்திக்குழுக்களைத் தானே வாசிக்கும் திறன் கொண்டது. பிற மென்பொருளை அழைக்க வேண்டியதில்லை. செய்திக்குழுக் கணக்கு ஒன்றை உருவாக்கி, எடர்னல் செப்டம்பர் போன்ற கட்டணமற்ற வழங்கியில் பதிந்துகொண்டால் எழுத்து வடிவிலான குழுக்களைப் படிக்கலாம். குழுவின் பெயர்மீது வலச்சொடுக்குச் செய்து அதை விருப்பக் கோப்புறையாகக் குறித்து, கோப்புறைப் பலகத்தை விருப்பக் கோப்புறைகளைக் காட்டும் நிலைக்கு மாற்றினால் அக்குழு எப்போதும் கண்முன் நிற்கும். பழைய அவுட்லுக் பொத்தான் செய்த வேலைக்கு இதுவே அண்மையானது.