மணியோசையில் நகர்ந்த நாள்கள்: யாழ்ப்பாணக் கன்னியர் மடங்களின் செபமும் சேவையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கத்தோலிக்க வரலாற்றில் குருக்களைப் பற்றிய பதிவுகள் ஏராளமாக இருக்க, அதே மண்ணில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகக் கற்பித்தும் பராமரித்தும் செபித்தும் வாழ்ந்த கன்னியரைப் பற்றிய எழுத்து மிகக் குறைவாகவே உள்ளது. அவர்கள் நடத்திய பாடசாலைகளின் பெயர்கள் ஊரறிந்தவை. அப்பாடசாலைகளுக்குப் பின்னால் இருந்த மடத்து வாழ்வு எவ்வாறு ஒழுங்கு செய்யப்பட்டிருந்தது என்பதோ, செபமும் சேவையும் அங்கே எந்த முறையில் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன என்பதோ பெரும்பாலும் மதிலுக்குள்ளேயே நின்றுவிட்டது.

இக்கன்னியர் ஏன் அவ்வளவு பிந்தி வந்தார்கள் என்பதை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். 1687இல் கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்த யோசேவ் வாஸ் அடிகளார், சில்லாலை போன்ற ஊர்களில் மறைந்திருந்தே பூசை ஒப்புக்கொடுக்க வேண்டிய நிலை இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில், 1806ஆம் ஆண்டில்தான் கத்தோலிக்கர் மீதான தடைச்சட்டங்கள் நீக்கப்பட்டன. இத்தகைய ஒடுக்குமுறையின் கீழ் ஒரு குரு வேடம் மாற்றி ஊர் ஊராகத் திரியலாம். ஆனால் மணி அடித்து, நேரம் வகுத்து, கூட்டாக வாழும் ஒரு மடம் ஒளிந்து வாழ இயலாது. ஆகவே ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் இங்கே கன்னியர் மடம் என்ற அமைப்புக்கே இடமிருக்கவில்லை.

தடை நீங்கிய பின்னரும் ஒரு பெருங்குறை தொடர்ந்தது. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் மனைவியரோடு வந்தவர்களாதலால், பெண்பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பணியை அந்தப் பெண்களே தொடக்கத்திலிருந்து மேற்கொள்ள முடிந்தது. 1824இல் உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலை அதன் விளைவாகும். கத்தோலிக்க மிஷனரிமாரோ துறவியர். அவர்களோடு வந்த பெண்கள் எவருமில்லை. பெண்பிள்ளைகளை ஆண்களிடம் அனுப்பிப் படிப்பிக்கும் வழக்கம் யாழ்ப்பாணக் குடும்பங்களில் இல்லாத அக்காலத்தில், கன்னியர் வராதவரை கத்தோலிக்கப் பெண்கல்வி வேரூன்றுவது கடினமாகவே இருந்தது. 1847இல் இலங்கைக்கு வந்த அமலமரித் தியாகிகள் சபைக் குருக்களின் தலைவராக இருந்து, 1857இல் யாழ்ப்பாணத்தின் அப்பொஸ்தலிக்கப் பதிலாளாகப் பொறுப்பேற்ற செமேரியா ஆண்டகை, பிரான்சிலிருந்து கன்னியரை வரவழைக்க முயன்றதற்கு இந்தத் தேவையே முதற்காரணம் எனலாம். ‘அப்பொஸ்தலிக்கப் பதிலாள்’ என்பது, மறைமாவட்டம் முறையாக நிறுவப்படாத நாட்டில் பாப்பரசரின் பெயரால் ஆயருக்குரிய பணியை ஆற்றுபவரைக் குறிக்கும்.

அம்முயற்சியின் பயனாக 1862இல் போர்தோ நகரின் திருக்குடும்பக் கன்னியர் யாழ்ப்பாணம் வந்தடைந்தனர். சூயெஸ் கால்வாய் திறக்கப்பட இன்னும் ஏழு ஆண்டுகள் இருந்த காலம் அது. திரும்பிச் செல்லும் எண்ணமின்றிக் கடல்வழி புறப்படுவதே அன்றைய மறைபரப்பு வாழ்வின் வழக்கமாக இருந்தது.

அவர்கள் வந்த சபையின் அமைப்பு கவனத்திற்குரியது. பியர் பியன்வெனு நோவாய் என்னும் குரு, பிரெஞ்சுப் புரட்சியால் துறவு மடங்கள் சிதறுண்டு கிடந்த நாட்டில், 1820இல் போர்தோ நகரில் இச்சபையைத் தொடங்கினார். நாசரேத்தூரில் இயேசு, மரியா, சூசை ஆகிய மூவரும் வாழ்ந்த எளிய இல்லத்தை முன்மாதிரியாகக் கொண்ட அவர், தம் சபையை ஒரே வேலைக்கான அமைப்பாக வைத்துக்கொள்ளாமல் ஒரு குடும்பத்தைப் போலப் பல கிளைகளாக விரித்தார். கல்விப் பணிக்கு அமலோற்பவக் கன்னியர், அநாதைப் பிள்ளைகளைப் பராமரிக்கப் புனித சூசையப்பர் கன்னியர், நோயாளரின் வீடுகளுக்கே சென்று பணிவிடை செய்ய நம்பிக்கைக் கன்னியர், சமையலும் வீட்டுப் பணியும் செய்யப் புனித மார்த்தா கன்னியர் என்றவாறு கிளைகள் அமைந்தன. இவற்றோடு, வெளிப்பணி எதுவுமின்றித் தனிமையில் செபத்திற்கு மட்டுமே தம்மைக் கையளித்த தியானக் கன்னியர் கிளையும் இருந்தது. அடுப்படியில் நிற்பவரும் வகுப்பில் நிற்பவரும் நற்கருணைப் பேழையின் முன் முழந்தாளில் நிற்பவரும் ஒரே குடும்பத்தின் அங்கத்தவர், ஒருவரின் வேலை மற்றவரின் வேலையைத் தாங்குகிறது என்ற கருத்து அவ்வமைப்பிலேயே பதிந்திருந்தது. 1858இல் நோவாய் அடிகளார், அமலமரித் தியாகிகள் சபையை நிறுவிய மார்செய் ஆயர் யூஜின் தே மசனோவுடன் இரு சபைகளையும் இணைக்கும் உடன்பாடு ஒன்றைச் செய்துகொண்டார். யாழ்ப்பாணத்திற்குத் திருக்குடும்பக் கன்னியர் வருவதற்கு அந்த உடன்பாடே வழிதிறந்தது.

1822 பெப்ரவரி 3ஆம் நாள், போர்தோவில் இச்சபையின் சிற்றாலயத்தில் நற்கருணை ஆராதனை நடந்துகொண்டிருந்தபோது, எழுந்தேற்றம் செய்யப்பட்டிருந்த நற்கருணையில் கிறிஸ்து தோன்றி ஆசி வழங்கியதாகச் சபையின் மரபு கூறுகிறது. எழுந்தேற்றம் என்பது, அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தைக் கதிர்ப்பாத்திரத்தில் வைத்துப் பீடத்தின் மேல் வணக்கத்திற்காக நிறுத்துவதாகும். சபை பிறந்த இரண்டாம் ஆண்டிலேயே நிகழ்ந்ததாக நம்பப்படும் இந்த ஆசியை நினைவுகூர்வதால், திருக்குடும்பக் கன்னியரின் பக்தியில் நற்கருணை ஆராதனைக்குத் தனியிடம் உண்டு.

இவ்விடத்தில் திருச்சபைச் சட்டம் சார்ந்த ஒரு செய்தியையும் குறிப்பிட்டாக வேண்டும். தமிழில் ‘கன்னியர்’ என்ற ஒரே சொல்லால் வழங்கப்படுவோர் சட்டப்படி இரு வகையினர். அடைப்பு வாழ்வு வாழ்ந்து, ஆடம்பர வார்த்தைப்பாடு கொடுத்து, மதிலை விட்டு வெளியேறாதோர் ஒரு வகை. எளிய வார்த்தைப்பாடு கொடுத்துப் பாடசாலையிலும் வைத்தியசாலையிலும் பணியாற்றுவோர் மற்றொரு வகை. 1566இல் பாப்பரசர் ஐந்தாம் பத்திநாதர் வெளியிட்ட ஆணை, துறவுப் பெண்கள் அனைவரும் அடைப்பு வாழ்வையே ஏற்க வேண்டும் என்றது; சேவைக் கன்னியரை முழுமையான துறவியராக ஏற்கும் ஆணையை 1900இல்தான் பதின்மூன்றாம் சிங்கராயர் வெளியிட்டார். ஆகவே 1862இல் யாழ்ப்பாணம் வந்தவர்கள், தம்மைத் துறவியர் என்று சட்டம் தெளிவாக ஏற்றுக்கொள்வதற்கு முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பே அந்த வாழ்வை முழுமையாக வாழத் தொடங்கிவிட்டார்கள். ஊர் மக்களுக்கு இந்த வேறுபாடு ஒருபோதும் பொருட்டாக இருந்ததில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர்களுக்கு இருவகையினரும் ‘மதர்’, பின்னாளில் ‘சிஸ்டர்’.

மடத்து நாள் மணியோசையால் பகுக்கப்பட்டிருந்தது. விடியுமுன் எழும் மணி, காலைச் செபம், மௌன தியானம், திருப்பலி, அதன் பின்னரே காலை உணவு என்பது பொது ஒழுங்கு. காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் ஒலிக்கும் திரிகாலச் செப மணி மடத்து மதிலைத் தாண்டியும் கேட்கும். நண்பகலில் ஆத்தும சோதனை, அதாவது அன்றைய அரை நாளில் சொல்லிலும் செயலிலும் நேர்ந்த குறைகளைத் தமக்குள்ளே எண்ணிப் பார்த்தல். மாலையில் செபமாலையும் ஆன்மீக வாசிப்பும். இரவுச் செபத்தின் பின் மறுநாள் காலைப் பூசை வரை நீளும் பெரிய மௌனம். சங்கீதங்களைக் கொண்டு நாளின் வேளைகளைப் புனிதப்படுத்தும் கட்டளைச் செபத்தைத் தாய்மொழியில் கூடிச் சொல்லும் வழக்கம், 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்னரே பரவியது. அதற்கு முன்னர் இலத்தீன் மொழியே ஓங்கியிருந்தது.

வகுப்பறையில் கரும்பலகையில் கணக்கு ஒன்று பாதியில் நிற்கும்போது மணி அடித்தாலும், விடுதியில் காய்ச்சலோடு ஒரு பிள்ளை படுத்திருக்கும்போது மணி அடித்தாலும், கன்னியர் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி எல்லாச் சேவைச் சபைகளிலும் எழுந்ததே. நோயாளரின் தேவைக்காகச் செபத்தை விட்டுச் செல்வது கடவுளுக்காகக் கடவுளை விட்டுச் செல்வதே என்று பதினேழாம் நூற்றாண்டுப் பிரான்சில் வின்சென்ட் தே பவுல் தம் கன்னியருக்குக் கற்பித்த நெறி, பின்வந்த சபைகள் அனைத்திற்கும் பொதுச் சொத்தாயிற்று. காய்ச்சல் பிள்ளையிடம் சென்ற கன்னியர், தவறிய செபத்தைப் பின்னர் தனியே அமர்ந்து சொல்லி முடிப்பார். மடத்து வாழ்வின் கடினம் இந்த இரட்டைக் கடமையில்தான் இருந்தது. அதன் அழகும் அங்கேதான் இருந்தது.

செபமும் கைவேலையும் ஒன்றாகக் கலந்த இடத்திற்கு ஒஸ்தி செய்யும் வேலையைச் சான்றாகக் காட்டலாம். ஒஸ்தி என்பது திருப்பலியில் பயன்படும் மெல்லிய வட்ட அப்பம். கோதுமை மாவும் தண்ணீரும் தவிர உப்போ புளிப்போ வேறெதுவுமோ சேர்க்கலாகாது என்பது திருச்சபை விதி. தோசை மாவை விட நெகிழக் கரைத்த மாவை, நீண்ட பிடியுடைய இரு இரும்புத் தட்டுகளுக்கிடையில் ஊற்றி, இறுக மூடிச் சூடாக்கினால், தட்டில் செதுக்கப்பட்டுள்ள சிலுவை அப்பத்தில் பதிந்து வரும். சூடு ஒரு கணம் கூடினால் அப்பம் சிவந்துவிடும். குறைந்தால் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். எடுத்த தகட்டைச் சற்று ஈரப்பதத்தில் வைத்து, நொறுங்காத பதம் வந்தபின் வட்ட வட்டமாக வெட்டுவார்கள். குருவுக்குப் பெரியது, மக்களுக்குச் சிறியவை. நெல்லும் பனையும் தரும் குடாநாட்டில் கோதுமை விளைவதில்லையாதலால் மாவு வெளியிலிருந்தே வர வேண்டும். பொதுவாகக் கன்னியர் மடங்களிலே செய்யப்படும் இந்த வேலை மௌனத்திலோ செபம் சொல்லிக்கொண்டோ நடைபெறும். அடுப்பில் செய்தது மறுநாள் பீடத்திற்குச் செல்லும் என்ற நினைவோடு செய்யப்படும் வேலை அது.

ஐரோப்பியக் கன்னியர் தொடங்கிய வாழ்வு உள்ளூர்ப் பெண்களிடம் பரவியதே இவ்வரலாற்றின் பெரிய திருப்பமாகும். 1707இல் ஒல்லாந்தரால் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டம், சீதனத்தைப் பெண்ணின் உரிமையாக வரையறுத்ததோடு, அவள் வாழ்வு மணத்தின் வழியே அமையும் என்ற எதிர்பார்ப்பையும் உள்ளடக்கியிருந்தது. அச்சமூகத்தில் ஒரு மகள், கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் ஆகிய மூன்று வார்த்தைப்பாடுகளைக் கொடுத்து மடத்தில் புகுவது, பெற்றோருக்குத் துயரத்தையும் பெருமையையும் ஒருங்கே தந்த முடிவாக இருந்திருக்கும். அம்முடிவு ஒரே நாளில் எடுக்கப்படுவதும் அன்று. முன்பயிற்சிக் காலமும், குறைந்தது ஓராண்டு நீளும் நவகன்னியர் நிலையும், பின்னர் சில ஆண்டுகளுக்கான தற்காலிக வார்த்தைப்பாடும் கடந்தே நித்திய வார்த்தைப்பாடு கொடுக்கப்படும். இந்நீண்ட சோதனைக் காலத்தில் எந்தக் கட்டத்திலும் வீடு திரும்ப அவளுக்கு வழி இருந்தது என்பது, இம்மடங்களைச் சிறைக்கூடமாகக் கற்பனை செய்வோர் கவனிக்க வேண்டிய செய்தி. திருக்குடும்பக் கன்னியரின் வழிகாட்டலில் உள்ளூர்ப் பெண்களுக்கெனப் புனித பேதுரு கன்னியர் என்ற அமைப்பும் உருவாகிக் கிராமப் பாடசாலைகளில் பணியாற்றியது. யாழ்ப்பாண நகரிலும் இளவாலையிலும் நிலைபெற்ற கன்னியர் மடப் பாடசாலைகளிலே தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் படித்து வெளிவந்தனர். அவர்களுள் சைவக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருந்தனர்.

1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வழி உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது, ஒரு நூற்றாண்டு உழைப்பில் எழுந்த நிர்வாகம் பல இடங்களில் கன்னியரின் கையைவிட்டுப் போயிற்று. பாடசாலையே தம் பணி என்று வாழ்ந்தவர்களுக்கு அது பெரும் இழப்பு. ஆயினும் மடத்து மணி நிற்கவில்லை. முதியோர், ஆதரவற்ற பிள்ளைகள், கிராமத்து நோயாளர் என்று சேவையின் முகம் மாறியது.

வெளிப்பணி எதுவுமின்றிச் செபம் மட்டுமே நிறைந்த வாழ்வும் குடாநாட்டில் தோன்றியது. மறைபரப்பு நாடுகளிலும் தியான மடங்கள் எழ வேண்டும் என்று 1926இல் பதினோராம் பத்திநாதர் தம் சுற்றுமடலில் வலியுறுத்தியதையடுத்து, யாழ்ப்பாண ஆயர் கியோமார் ஆண்டகையின் காலத்தில், அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த யாழ்ப்பாணத் தமிழரான பஸ்தியாம்பிள்ளை அந்தோனி தோமஸ் அடிகளார் 1928இல் வசாவிளானை அடுத்த தோலகட்டியில் செபமாலைச் சபையைத் தொடங்கினார். முதலில் ஆண்களுக்காக எழுந்த இச்சபைக்குப் பின்னாளில் பெண்கள் கிளையும் உண்டாயிற்று. ஐரோப்பாவிலிருந்து கிளையாக வராமல் இம்மண்ணின் மைந்தர் ஒருவரால் இங்கேயே உருவாக்கப்பட்ட தியானச் சபை என்பதே அதன் தனிச்சிறப்பு. இந்நாட்டுத் தவமரபுக்கு ஏற்ற எளிய வாழ்வும், மௌனமும், இடைவிடாத செபமாலையும் அதன் உயிர்நாடி. செபித்த கைகளே மண்ணையும் கொத்தின. தோலகட்டியின் முந்திரிகைத் தோட்டமும் அங்கே தயாரான நெல்லி ரசமும் யாழ்ப்பாணத்தில் அறியாதார் இல்லை.

1990இல் போரினால் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர, வசாவிளான் பகுதி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டது. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு, வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தின் வழியாகத் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது, மக்களோடு கன்னியரும் சென்றனர். மடத்தை விட்டுச் செல்லும் வேளைக்கும் திருச்சபையில் ஒழுங்கு உண்டு. பேழையிலுள்ள நற்கருணையை உட்கொண்டோ, உடன் எடுத்துச் சென்றோ, பேழையை வெறுமையாக்கி அதன் கதவைத் திறந்து வைக்க வேண்டும். அதன் பின்னரே, இரவும் பகலும் எரியும் சிறு விளக்கு அணைக்கப்படும். போய்ச் சேரும் இடம் பாடசாலைக் கட்டடமோ கிடுகுக் கொட்டிலோ எதுவானாலும், அங்கே நற்கருணை வைக்கப்படும் நாளில் அவ்விளக்கு மீண்டும் ஏற்றப்படும்.