குழாய் வழியே வந்த மணல்

கங்கோத்ரிப் பக்கத்து வெளிர் நிற கிரானைட்டிலிருந்து உதிர்ந்த ஒரு குவார்ட்ஸ் துணுக்கை எடுத்துக்கொள்வோம். ஹரித்துவார், காசி, பாட்னா எனப் படுகைக்குப் படுகை தங்கித் தங்கி உருண்டு, முர்ஷிதாபாத் மாவட்டத்துக்கு வந்தபோது அது பொடி மணலாகிவிட்டது. அங்கே கங்கையின் பெரும்பகுதி பத்மாவாகக் கிழக்கே போய்விடும். தெற்கே பிரியும் பாகீரதியின் வாய் அந்நாளில் மழைக்காலத்தில்தான் நன்றாகத் திறக்கும். பாகீரதிக்கு நீரைத் திருப்பிவிடும் ஃபராக்கா அணை செயல்பட ஆரம்பித்தது 1975இல். அதற்கு முந்தைய ஏதோ ஒரு வெள்ளத்தில் துகள் தெற்கே திரும்பி, பாகீரதியின் கீழ்ப்பகுதியான ஹூக்ளியின் அடியில் படிந்தது.

அடுத்த பயணம் மனிதன் போட்ட வழியில். கொல்கத்தாவின் கிழக்கே இருந்த உப்பேரிச் சதுப்பைத் தூர்த்து நகரமாக்கும் வேலை 1962இல் தொடங்கியது. அதற்குப் பாடுபட்ட மேற்கு வங்க முதல்வர் பி.சி. ராய் அதே ஆண்டு ஜூலையில் மறைந்தார். யூகோஸ்லாவிய நிறுவனம் ஒன்று ஆற்றடி மணலைத் தண்ணீரோடு உறிஞ்சி, குழாய் வழியே சதுப்பில் பாய்ச்சியது. நீர் வடிந்தது, மணலும் வண்டலும் நின்றன. அதுதான் இன்றைய சால்ட் லேக்.

ஒரு மணலின் பலத்தை அறிய, அது எப்படி வந்து படுத்தது என்று முதலில் கேட்க வேண்டும். ஆறு பல நூறாண்டுகளாகப் படியவிட்ட மணலில் துகள்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ள நேரமிருக்கும். குழம்பாக ஊற்றப்பட்ட மணல் இளகலாகவே கிடக்கும். மெரினாவில் அலை நனைத்த மணலில் நின்று காலால் தட்டிக்கொண்டே இருங்கள். நீர் மேலே கசியும், பாதம் இறங்கும். நிலநடுக்கத்தில் நடப்பதும் இதுதான். உலுக்க உலுக்கத் துகள்கள் நெருங்கப் பார்க்கின்றன. இடையிலுள்ள நீர் வெளியேற நேரமில்லாமல் அழுத்தம் ஏறுகிறது. துகள்கள் நீரில் மிதக்கும் நொடியில் தரை குழம்பாகிவிடும். நுண்வண்டல் கலந்திருந்தால் நீர் வெளியேறுவது இன்னும் தாமதம்.

இதை முன்கூட்டி அளக்கத் துளை போடுகிறார்கள். 63.5 கிலோ சம்மட்டியை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, மாதிரிக் குழாயை 45 செ.மீ. இறக்குவார்கள். கடைசி 30 செ.மீ.க்கு விழுந்த அடிகளே கணக்கு. மண் பொறியாளர்கள் சீடும் இட்ரிஸ்ஸும் 1971இல் தந்த எளிய முறை இன்றும் அடிப்படை: நடுக்கம் எவ்வளவு உலுக்கும், அடுக்கு எவ்வளவு தாங்கும் என்ற ஒப்பீடு. தாங்குதிறன் குறைந்தால் ஆபத்து. 2016இல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 1893 என்ற இந்திய நிலநடுக்கக் கட்டட விதியிலும் இந்தக் கணக்கு பின்னிணைப்பாக இருக்கிறது.

இரண்டு இடங்களில் அவசரம் கூடவே கூடாது. கோடையில் அளந்த நீர்மட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டால், மழைக்காலத்தில் கொல்கத்தாவில் நீர் தரையருகே வந்து நிற்கும்போது அந்தக் கணக்கு பொய்த்துப்போகும். வண்டல் எவ்வளவு என்பதை விரலால் தேய்த்துச் சொல்வதும் போதாது. பசையற்ற வண்டல் காப்பாற்றாது. 1999 நிலநடுக்கத்தில் துருக்கியின் அடாபசாரியில் வண்டல் மண் மீது நின்ற கட்டடங்கள் சாய்ந்தன, புதைந்தன.

இங்கே நினைவும் கைகொடுக்காது. 1934 ஜனவரி 15 பீகார் - நேபாள நிலநடுக்கத்தில் வட பீகாரின் வயல்களில் மணல் ஊற்றெடுத்தது, கிணறுகள் தூர்ந்தன, வீடுகள் அமிழ்ந்தன. அதே கங்கைச் சமவெளியின் மணல்தான். ஆனால் சால்ட் லேக்கின் நிரப்பு மணல் அன்று ஆற்றடியில் கிடந்தது. அப்படியொரு உலுக்கலை அது இந்த இடத்தில் இன்னும் சந்திக்கவில்லை. அதனடியில் இருக்கும் மென்களிமண் அதிர்வைப் பெருக்கவும் கூடும்.

துளையிலிருந்து வந்த மாதிரியைக் கழுவி, 75 மைக்ரான் சல்லடையில் அலசுகிறார்கள். கங்கோத்ரித் துகள் மேலே தங்குகிறது. உடன் வந்த வண்டல் கலங்கல் நீராகக் கீழே இறங்குகிறது. தங்கியதை உலர்த்தி எடை போட்டு, குறைந்த எடையை வண்டல் கணக்கில் எழுதுகிறார்கள்.