அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர்

பெயர்க் குழப்பம் எனக்குப் பழக்கமானது. பிரெஞ்சில் 'உ' ஒலிக்கு 'ஓ', 'யூ' என்று இரண்டு எழுத்து சேர்த்து எழுதுவார்கள். என் பிறப்புப் பதிவில் அப்படித்தான் இருந்தது. பணிப் பதிவேட்டிலோ ஆங்கில முறைப்படி ஒரே எழுத்து. ஓய்வு பெற்றபோது, "இரண்டு பேரும் ஒருவர்தானா?" என்று கேட்டுக் கோப்பை நிறுத்திவிட்டார்கள். ஏழு மாதம் பென்ஷன் வரவில்லை. இரண்டு பெயரும் என்னுடையதே என்று பிரமாணப் பத்திரம் கொடுத்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது.

ஒரு கடல் நத்தைக்கும் ஏறக்குறைய இதே கதை நடந்திருக்கிறது.

சுமார் நாலரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் பாரிஸ் இருக்கும் இடத்தில் வெதுவெதுப்பான கடல் இருந்தது. அந்தக் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்லைக் கொண்டுதான் பின்னால் அந்நகரத்தைக் கட்டினார்கள். அந்தக் கல்லுக்குள் 40 செ.மீ.க்கும் மேல் நீளமான, கோபுரம் போன்ற நத்தை ஓடுகள் கிடைக்கின்றன. 1804-இல் லமார்க் இதற்கு 'செரித்தியம் ஜிகாண்டியம்' என்று பெயர் வைத்தார். செரித்தியம் என்பது ஏற்கெனவே இருந்த பேரினம். ஜிகாண்டியம் என்றால் பிரம்மாண்டமானது. இந்த லமார்க்கும் இளமையில் கொஞ்ச காலம் வங்கிக் குமாஸ்தாவாக இருந்தவர்தான்!

உயிரினங்கள் மாறுமே தவிர, அடியோடு அழிந்துபோகும் என்று அவர் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. இந்த நத்தையும் ஆஸ்திரேலியக் கடலில் இன்னும் வாழ்கிறது என்றே எழுதினார். அது தவறு. அங்கே வாழ்வது அதன் பங்காளி, வேறோர் இனம். குவா, கெய்மார் என்ற இரு பிரெஞ்சுக் கப்பல் மருத்துவர்கள் 1834-இல் அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் முன்பே வேறொரு நத்தைக்குப் போயிருந்ததால், 1917-இல் அயர்டேல் என்பவர் மாற்றிப் பெயரிட்டார்.

இதற்கிடையே, 1884-இல், 'காம்பனிலே' என்ற புதிய பேரினப் பெயர் வந்தது. இத்தாலிய மொழியில் மணிக்கூண்டு என்று பொருள். நம் பாரிஸ் நத்தை அங்கே இடம் மாறியது. 1981-இல் ஹூப்ரிக் என்ற அமெரிக்கர் ஆஸ்திரேலியப் பங்காளியின் உடலமைப்பை ஆராய்ந்து எழுதினார். இது செரித்தியம் வகையறாவே அல்ல, தனிக் குடும்பம் என்பது உறுதியானது. செத்தவருக்காக உறவுக்காரர் வந்து சாட்சி சொன்ன மாதிரி!

இப்போது 'காம்பனிலே ஜிகாண்டியம் (லமார்க், 1804)' என்று எழுதுகிறார்கள். அந்த அடைப்புக்குறி அலங்காரம் அல்ல. முதலில் பெயரிட்டவர் இவர், பிறகு பேரினம் மாறியது என்பதற்கான அடையாளம் அது. பிரிவு மாறிய கோப்பின் அட்டையில் பழைய எண்ணையும் விடாமல் எழுதுவோமே, அதுபோல.

லமார்க் கடைசிக் காலத்தில் பார்வை இழந்து, வறுமையில் வாடி, 1829-இல் இறந்தார். குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கொடுக்கப்படும் கல்லறையில் புதைத்தார்கள். கெடு முடிந்ததும் எலும்புகளை அப்புறப்படுத்திவிட்டார்கள். கல்லறை போனது, அடைப்புக்குறிக்குள் பெயர் நிற்கிறது.

நமக்கு அந்த வசதி இல்லை. பிறப்புச் சான்று, ஆதார், பென்ஷன் புத்தகம் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.