குறியின் பிரகாசம்

மத்திய மலைநாட்டின் பூர்வ சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் காப்பியையும் தேயிலையையும், துரையையும் கங்காணியையும், பங்களாவையும் லயத்தையும் விரிவாக எழுதியிருக்கிறார்கள்; ஆனால் அம்மலைகளில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தோளிலும் இடுப்பிலும் சுமந்து திரியப்பட்ட துப்பாக்கியின் நுனியிலே, கடுகளவு உலோகமாக இருந்து, பின்னர் வெண்மணியாகி, இறுதியில் கண்ணாடிக்குள் மிதக்கும் செம்புள்ளியாக மாறிய அந்தக் குறியைப் பற்றி எழுதியவர் அரியர். அதன் வரலாறு, மேல்நோக்கில் யந்திரங்களின் வரலாறாகத் தோன்றினும், உண்மையில் வெளிச்சத்தின் வரலாறே ஆகும். குறியின் பிரகாசத்தை மனிதன் தன் கையால் அமைத்துக்கொள்ள வேண்டுமா, அன்றி யந்திரமே சூழ்நிலையறிந்து அமைத்துக்கொள்ளலாமா என்று இன்று கைத்துப்பாக்கிப் பிரியர்களிடையே நடக்கும் விவாதத்துக்கு, நுவரெலியாவையும் ஹட்டனையும் போன்ற சோதனைக்களம் வேறில்லை என்பது என் எண்ணம்.

ஏனெனில் இங்கே வெளிச்சம் நிலையாக இருப்பதில்லை. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் நுவரெலியா நகரமும், 2,100 மீற்றருக்கும் மேலே ஹோர்ட்டன் சமவெளியும் அமைந்திருக்கின்றன. அச்சமவெளியின் காட்டோரத்தில், பாசி படர்ந்த மரங்களின் கீழே நிற்பவனுக்கு நண்பகலிலும் அந்திப்பொழுதின் மங்கலே கிடைக்கும்; அவனுக்கு எதிரே, நாற்பது அடிக்கு அப்பால், திறந்த பத்தனைப் புல்வெளி கண்கூச ஒளிர்ந்துகொண்டிருக்கும். அவன் ஒரு மூச்சு விட்டு முடிக்கும் முன் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிவந்து, அந்த ஒளியையும் இந்த இருளையும் ஒன்றாக்கி, எல்லாவற்றையும் வெண்சாம்பல் நிறத்தில் மூழ்கடித்துவிடும். கால் மணி நேரத்தில் பனி விலகினால் மறுபடியும் வெயில். தேயிலை மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் அன்றாடம் அறிந்த இந்த மாற்றத்தை, குறிபார்ப்பதற்கென வந்த அந்நியர்கள் மெல்ல மெல்லத்தான் அறிந்துகொண்டார்கள்.

அவர்களில் முதலில் நினைக்கப்பட வேண்டியவர் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ். பதுளையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த அவர் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. யானையைக் கொல்பவர்க்கு அரசாங்கமே பரிசுப்பணம் அளித்துவந்த காலம் அது. அந்த எண்ணைப் பெருமையாக எண்ணியவர்களும் அன்று இருந்தார்கள். எனக்கோ அதைப் படிக்கும்போதெல்லாம் வியப்பைக் காட்டிலும் துயரமே மேலிடுகிறது. 1845ஆம் வருஷம் ஜூன் மாதம் அப்புத்தளையில் இடிவிழுந்து அவர் இறந்தார். அவருடைய சமாதி நுவரெலியாவில் இருக்கிறது. அவர் சுட்டது பெரும்பாலும் மிக அருகிலிருந்தே. சில கெஜ தூரத்தில் மலைபோல் நிற்கும் பிராணிக்கு நுட்பமான குறிநோக்கி அவசியப்படவில்லை.

அவருக்குப் பின் வந்த சாமுவேல் பேக்கர் 1840களின் பிற்பகுதியில் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் குடியேற்றத்தை அமைத்து, 1855 வரை அங்கு வாழ்ந்தவர். ஹோர்ட்டன் சமவெளியிலுள்ள அருவி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் என்ற கம்மியர் 1840இல் அவருக்கென்றே செய்துகொடுத்த ரைஃபிள் 21 இறாத்தல் எடையும் 36 அங்குலக் குழலும் உடையது. அதாவது, ஒரு கைக்குழந்தையின் எடையைக் காட்டிலும் அதிகமான இரும்பை மலையேற்றத்திலும் சேற்றிலும் ஒருவர் சுமந்து பின்னால் வர, துரை கைவீசி முன்னால் நடந்தார். வேட்டை நூல்கள் அந்தச் சுமைகாரர்களின் தைரியத்தைச் சில இடங்களில் பாராட்டியும் பல இடங்களில் பழித்தும் எழுதுகின்றனவேயன்றி, அவர்களுடைய கண் எதைக் கண்டது என்று கேட்டு எழுதவில்லை. காட்டின் இருளில் விலங்கை முதலில் கண்டு விரலால் சுட்டிக் காட்டியவர்கள் பெரும்பாலும் அவர்களே.

பேக்கரின் காலத்துக் குறிநோக்கி இரு துண்டு உலோகம்: கண்ணுக்கு அருகே ஒரு பிளவு, குழலின் நுனியில் ஒரு முனை. பிளவும் முனையும் விலங்கும் ஒரே கோட்டில் வரவேண்டும். ஆனால் மனிதக் கண் ஒரே சமயத்தில் ஒரு தூரத்தை மட்டுமே தெளிவாகக் காணும். வெளிச்சம் நிறைந்திருந்தால் கண்மணி சுருங்கி, மூன்றும் ஓரளவு தெளியும். விடியற்காலையிலோ கறுத்த முனை மரை என்னும் மானின் கறுத்த உடலோடு கலந்து மறைந்துவிடும். பேக்கர் நுவரெலியாவின் காடுகளில் மரையைத் துப்பாக்கியால் அன்றி நாய்களைக் கொண்டும் கத்தியைக் கொண்டுமே வேட்டையாடினார். அவருடைய வீர விளையாட்டுப் பற்று அதற்கு ஒரு காரணம். குறிபார்க்கப் போதிய வெளியும் வெளிச்சமும் அந்தக் காட்டில் கிடைப்பதில்லை என்பது மற்றொரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

பிரகாசத்தை மாற்றும் முதல் உபாயம் மிக எளியது. இந்திய வேட்டைக்காரர்கள் நிலவொளியில் சுடும்போது குழலின் நுனியில் சிறிது வெண்பஞ்சைக் கட்டிக்கொண்டார்கள். லண்டன் கம்மியர்கள் அதே யோசனையைச் செம்மைப்படுத்தி, முனைக்குப் பின்னால் மடித்து வைத்திருந்து வேண்டும்போது நிமிர்த்தக்கூடிய தந்த மணியைப் பொருத்தினார்கள். பகலுக்கு ஒரு குறி, இரவுக்கு ஒரு குறி. இரண்டுக்கும் இடையே தீர்மானிப்பது விரல். முதல் உலக யுத்தத்தில் அகழிகளில் போர்புரிந்தவர்களுக்கு ரேடியம் கலந்த பூச்சு வந்தது. அது எப்போதும் ஒரே அளவில் மங்கலாக மினுங்கும். அதைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

இம்மலைநாட்டிலோ, 1900இல் தோட்டத் துரைமார்களைக் கொண்டே இலங்கைத் தோட்டக்காரர் ரைஃபிள் படை நிறுவப்பட்டது. போயர் யுத்தத்துக்கு ஆள் அனுப்பி, பின்னர் கலிப்பொலியில் ஜெனரல் பேர்ட்வுட்டின் மெய்காவல் வரை சென்ற அப்படை, 1949இல் இலங்கை இராணுவம் அமைந்தபோது கலைக்கப்பட்டது. வாரக் கடைசியில் குறிபார்க்கப் பயின்ற துரை, திங்கட்கிழமை பிரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுக்கும் அதே துரைதான் என்பதை லயங்களில் வாழ்ந்த எவரும் மறந்திருக்க முடியாது. மலையகத்தில் துப்பாக்கியின் கதையைச் சொல்பவன் 1940 ஜனவரி 10ஆம் தேதியைச் சொல்லாமல் தாண்டுவது நேர்மையாகாது. அன்று ஹேவாஹெட்டப் பகுதியின் முல்லோயா தோட்டத்தில், சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். அதைக் குறிபார்த்தல் என்ற கலையோடு சேர்த்துப் பேச எனக்கு மனமில்லை. ஆயினும் இம்மலைகளில் குண்டு பாய்ந்தது விலங்குகள்மீது மட்டுமன்று.

ரைஃபிள் படை பிறந்த அதே 1900இல், டப்ளின் நகரத்தில் ஸர் ஹோவர்ட் கிரப் என்ற தொலைநோக்கிச் சிற்பி, குறிநோக்கியின் போக்கையே மாற்றிய ஒரு யோசனைக்கு உரிமை பெற்றார். ஒரு லென்ஸின் குவிமையத்தில் ஒளிப்புள்ளியை வைத்து, அதன் கிரணங்களைச் சாய்ந்த கண்ணாடியில் பிரதிபலிக்கச் செய்தால், அப்புள்ளி கண்ணாடிமேல் ஒட்டியிருப்பதாக அன்றி, நட்சத்திரத்தைப் போல் எல்லையற்ற தூரத்தில் நிற்பதாகத் தோன்றும். கண் சற்று விலகினாலும் குறி விலகாது. பிளவு, முனை, விலங்கு என்ற மூன்றின் சண்டை ஒழிந்தது. ஆனால் ஒரு புதிய பிரச்சினை பிறந்தது. உலோக முனைக்குத் தன் ஒளி இல்லை. சுற்றுப்புறம் இருண்டால் அதுவும் இருண்டது. கிரப்பின் குறிக்கோ தனக்கென ஒரு விளக்கு வேண்டும். அவ்விளக்கு எவ்வளவு எரியவேண்டும் என்பதை யாராவது நிச்சயிக்க வேண்டும்.

முதலில் நிச்சயித்தவர்கள் விமானிகள். 1918இல் ஜெர்மானிய விமானங்களில் இக்குறிநோக்கி ஏறியது. 1930களின் இறுதியில் பிரிட்டிஷ் விமானங்களிலும் அது வழக்கமாயிற்று. 1942 ஏப்ரல் 5ஆம் தேதி ஈஸ்டர் ஞாயிறன்று, மேகம் அடர்ந்த கொழும்பு வானத்தில் ஜப்பானிய விமானங்களை எதிர்த்தெழுந்த ஹரிக்கேன் விமானிகளின் கண்ணுக்கெதிரே இருந்ததும் இத்தகைய ஒளிவட்டமே. அக்காலத்து ஸ்பிட்ஃபயர் விமானிக்கான கையேடு, குறிநோக்கியின் விசைக்கு மூன்று நிலைகளைச் சொல்கிறது: அணைப்பு, இரவு, பகல். பகலில் விளக்கு முழுவீச்சில் எரியும். பின்னணி மிகப் பிரகாசமாயிருந்தால் ஒரு வளையத்தை இழுத்து முன்கண்ணாடிக்குப் பின்னே நிறத் திரையை ஏற்றிக்கொள்ளலாம். இரவிலோ சிறிய விளக்கொன்று எரிய, குமிழைத் திருகித் திருகி அளவு பார்த்துக்கொள்ள வேண்டும். குறியை மட்டுமன்றிப் பின்னணியையும் சேர்த்து எண்ணிய அந்த ஏற்பாட்டின் விவேகம் என்னைக் கவர்கிறது.

தோளில் வைத்துச் சுடும் துப்பாக்கிக்கு இந்த வித்தை மின்னணு வடிவில் வந்தது 1975இல், சுவீடன் தேசத்து எய்ம்பாயிண்ட் நிறுவனத்தின் மூலமாக. கண்ணாடிக் குமிழ் விளக்கின் இடத்தில் ஒளியுமிழ் டயோடு. மின்சாரத்துக்கு ஒரு சிறு பாட்டரி. காலக்கிரமத்தில் அது சுருங்கிச் சுருங்கி, தீப்பெட்டியளவாகிக் கைத்துப்பாக்கியின் முதுகிலேயே ஏறிற்று. அவ்வாறு ஏறிய 'ரெட் டாட்' வகைகளில்தான் இரு மார்க்கங்கள் பிரிந்தன. ஒன்றில் கூட்டவும் குறைக்கவும் பொத்தான்கள் இருக்கும். மனிதன் வைத்த அளவில் புள்ளி நிற்கும். மற்றொன்றில், ஜெர்மனியின் 'டொக்டர்' (Docter) என்ற பெயருடைய குறிநோக்கியைப் போல, ஒளியை உணரும் ஒரு சிறு கண் இருந்து, வெயிலில் புள்ளியைத் தூண்டியும் நிழலில் தணித்தும் தானாகவே நடத்தும். ட்ரிஜிகான் நிறுவனத்தின் ஒரு வகையோ பாட்டரியே இல்லாமல், பகலில் கண்ணாடி நாரினால் சூரிய ஒளியைச் சேகரித்தும், இருளில் டிரிட்டியம் என்ற வாயுவின் மினுக்கத்தாலும் புள்ளியைக் காட்டும்.

தானியங்கு முறையின் நன்மை சொற்பமன்று. ஆபத்துவேளையில் பொத்தானைத் தேடிக்கொண்டிருக்க எவனுக்கும் நேரமிராது. முந்தின இரவு மங்கலாக வைத்து மறந்துவிட்டவன் மறுநாள் வெயிலில் எடுத்துப் பார்த்தால் கண்ணாடி வெறுமையாகவே தோன்றும். அந்தத் தவறைத் தானியங்கு யந்திரம் செய்யாது. பாட்டரியும் மிச்சப்படும். நகரத்து வீதியிலோ பந்தயத் திடலிலோ நிற்பவனுக்கு இது போதும்.

ஆனால் அதே சாதனத்தை ஹோர்ட்டன் சமவெளியின் காட்டோரத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஒளியை உணரும் அச்சிறு கண் இருப்பது குறிநோக்கியிலேயே. அது அளப்பது துப்பாக்கி இருக்கும் இடத்து வெளிச்சத்தை. மரநிழலில் நிற்பவன் எதிரேயுள்ள பத்தனையை நோக்கும்போது, யந்திரம் இருளை அளந்து புள்ளியைத் தணிக்கிறது. தணிந்த புள்ளி, வெயில் காயும் புல்லின்மேல் கரைந்து காணாமற் போகிறது. அவனே வெயிலில் நின்று காட்டின் இருளுக்குள் நோக்கினால், யந்திரம் வெயிலை அளந்து புள்ளியைத் தூண்டுகிறது. அது பருத்துக் கதிர்விட்டு, தான் காட்டவேண்டிய பொருளையே மறைக்கிறது. ஒரு பாகையை அறுபதாகப் பகுத்த கலை என்ற அளவில் மூன்றேகால் கலையுள்ள புள்ளி, 25 மீற்றர் தூரத்தில் மறைக்கவேண்டியது இரண்டரைச் சென்டிமீற்றருக்கும் குறைவான இடம். மிகையாகப் பிரகாசித்தால் கண்ணுக்கு அது அதைவிடப் பெரிதாகத் தோன்றும். பார்வைக் கோளாறு உள்ளவர்களுக்கு நட்சத்திரமாகவும் வால்மீனாகவும் சிதறும். இருளுக்குப் பழகிய கண்ணை அப்படியொரு தீப்பொறி ஒருமுறை கூசச் செய்துவிட்டால், அது மறுபடி இருளுக்கு முழுதும் பழக ஏறத்தாழ அரைமணி வேண்டும்.

மூடுபனியின் தொல்லை இதனினும் சூக்ஷ்மமானது. பனி தானே ஒளியைச் சிதறடிப்பதால், யந்திரத்தின் கண்ணுக்கு அது நல்ல வெளிச்சமாகவே படும். ஆகவே புள்ளி தூண்டப்படும். மனிதக் கண்ணுக்கோ எதிரே தேயிலைத் தூரா, பாறையா, ஆளா என்றே தெரியாது. தெளிவான புள்ளியைக் கண்டு, தெளிவான குறியும் இருப்பதாக எண்ணிவிடும் அபாயம் இங்கேதான் இருக்கிறது. தேயிலை மலைகள் ஆளற்ற காடுகள் அல்ல. பனி மூடிய வரிசைகளுக்கிடையே கொழுந்துக் கூடையோடு மனிதர்கள் நடமாடிக்கொண்டேயிருப்பார்கள். இங்கே துப்பாக்கி வைத்திருப்பதை 1916ஆம் வருஷத்துத் துப்பாக்கிகள் கட்டளைச்சட்டம் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தி வருவது நல்லதே என்று கருதுபவர்களில் நானும் ஒருவன்.

ஆதலால் இம்மலைக்கு ஏற்றது கையால் அமைக்கும் முறையே என்று தயங்காமல் சொல்வேன். அதிலும், எதிரேயுள்ள பின்னணியை ஒருகணம் நோக்கி, புள்ளி கண்ணுக்குப் புலப்படும் மிகக் குறைந்த அளவுக்கு ஒரு படி மேலே வைத்துக்கொள்வதே சிறந்தது. இரு முறைகளையும் ஒரே உடலில் சேர்த்த சாதனங்கள் இப்போது கிடைக்கின்றன. அவற்றை வாங்குபவர் ஒன்றை மட்டும் கவனித்து வாங்கவேண்டும்: சில வகைகள், கையால் வைத்த அளவைப் பல மணி நேரம் காத்துவிட்டு, பாட்டரியை மிச்சப்படுத்தும் பொருட்டுச் சொல்லாமலேயே தானியங்கு நிலைக்குத் திரும்பிவிடும். அந்திக்கு வைத்த அளவே விடியற்காலையிலும் இருக்கும் என்று நம்பிக் காட்டோரத்துக்குப் போகிறவர், போகுமுன் பொத்தானை ஒருதரம் அழுத்திப் பார்த்துக்கொள்வது அவசியம்.